வீடான்னா வீடு இல்ல: விக்டோரியன் பாப்புலர் ஃபிக்ஷன் கான்ஃபரன்ஸுக்குப் போன கதை

Ouidaன்னு விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்து நாவலாசிரியை ஒருத்தங்க, ரெண்டு வருஷமா அந்தப் பேரை நான் ‘ஓயிடா’ன்னுதான் படிச்சுக்கிட்டு இருந்தேன். மனசுக்குள்ளதான், வாய்விட்டு யார்கிட்டயும் சொல்ல வேண்டிய அவசியமே வரல. 1867ல ‘அண்டர் டூ ஃப்ளாக்ஸ்’ங்கிற நாவலை எழுதினவங்க, நிஜப் பேரு மரியா லூயிஸ் ராமே, சின்னப் புள்ளையா இருந்தப்ப லூயிஸ்ங்கிற பேரு வாயில நுழையாம மழலையில சொன்னதே பின்னாடி புனைபெயரா நின்னுருச்சு. மொத கான்ஃபரன்ஸ்ல காபி வரிசையில நிக்கிறேன், எனக்கு முன்னாடி ரெண்டு பேர் விடாம ‘வீடா, வீடா’ங்கிறாங்க. தூக்கிவாரிப் போட்டுச்சு, இங்கிலாந்துல ஒரு யுனிவர்சிட்டி காரிடர்ல வெள்ளைக்காரங்க ரெண்டு பேரு எந்த வீட்டைப் பத்தி இப்படிக் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு. அஞ்சு நிமிஷம் கழிச்சுதான் புரிஞ்சுது, அது நம்ம ஓயிடா. அன்னைக்கு மத்தியானம் நான் மேடையில படிக்கப்போற ஆய்வுக் கட்டுரை, அதான் என் பேப்பர், அதுல அந்தப் பேரு ரெண்டு இடத்துல வருது. பாத்ரூமுக்குப் போய் பேப்பரை எடுத்து ரெண்டு இடத்துலயும் பென்சில்ல தமிழ்லயே ‘வீடா’ன்னு எழுதி வச்சுக்கிட்டேன்.

தனியா உக்காந்து பிஹெச்டி பண்றவங்களுக்கு இது நடக்கும். நாம ஆராய்ச்சி பண்ற ஆளுங்க பேரையெல்லாம் கண்ணால பாத்திருப்போம், காதால கேட்டிருக்க மாட்டோம். ரோடா ப்ராட்டன்னு இன்னொரு நாவலாசிரியை, எழுத்தைப் பாத்தா ப்ரௌட்டன்னுதான் வாயில வரும். அதனால பேப்பர் குடுக்கப் போறதுக்கு முன்னாடி அதுல வர்ற ஒவ்வொரு பேரையும் சத்தமா ஒருதடவை சொல்லிப் பாருங்க, சந்தேகம்னா உங்க சூப்பர்வைசர்கிட்ட வெக்கப்படாம கேட்டுருங்க. நான் கேக்கல.

என்னைப் பத்தி ரெண்டு வரி. சொந்த ஊரு வேலூர். இங்கிலாந்துல வடக்குப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டில மேரி எலிசபெத் ப்ராடன்ங்கிற அதே காலத்து நாவலாசிரியையோட தொடர்கதைகளைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன். ஊருக்குப் போனா என்ன படிக்கிறேன்னு கேக்குறவங்களுக்கு, 160 வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல பஸ் ஸ்டாண்ட் கடைன்னு ஒண்ணு இருந்திருந்தா அதுல கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பாங்களே, அந்த மாதிரி நாவல்னு சொல்வேன். கிட்டத்தட்ட நிஜம்தான். பஸ் ஸ்டாண்ட் இல்ல, ரயில்வே ஸ்டேஷன். 1848ல யூஸ்டன் ஸ்டேஷன்ல டபிள்யூ.எச். ஸ்மித் புக் கடை போட்டாங்க, அப்புறம் மஞ்ச அட்டை போட்ட மலிவு நாவல்கள் ரயில் பயணத்துக்குன்னே வந்து குவிஞ்சுது. அதே காலத்துல புது நாவல்னா மூணு வால்யூம், விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ், சாதாரண மனுஷன் கனவுலயும் வாங்க முடியாது. காசு இருக்கிறவங்களே வாங்கல, வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் கட்டி மியூடிஸ் லைப்ரரில வாடகைக்கு எடுத்துத்தான் படிச்சாங்க. அதுக்கும் வழியில்லாதவங்களுக்கு வாரம் ஒரு பென்னிக்கு எட்டுப் பக்கம், ரெண்டு பத்தியாப் பிரிச்ச பொடி எழுத்து, மேல ஒரு மரக்கட்டை அச்சுப் படம். பேய், கொலை, ரெண்டு பொண்டாட்டி, ரெண்டு புருஷன், பைத்தியக்கார ஆஸ்பத்திரி, காணாமப்போன உயில், எல்லாம் இதுக்குள்ள வந்துரும்.

இதைப் படிக்கிறவங்களுக்குன்னே இங்கிலாந்துல ஒரு அமைப்பு இருக்கு, விக்டோரியன் பாப்புலர் ஃபிக்ஷன் அசோசியேஷன், 2009ல ஆரம்பிச்சது. வருஷாவருஷம் கான்ஃபரன்ஸ் நடத்துறாங்க, 2019லேருந்து சொந்தமா ஜர்னலும் இருக்கு. இது போக பெரிய விக்டோரியன் கான்ஃபரன்ஸ்கள்ல பாப்புலர் ஃபிக்ஷனுக்குன்னு பேனல் (சில பேர் சேர்ந்து பேசற அமர்வு) இருக்கும், யுனிவர்சிட்டிகள்ல ஒருநாள் ரெண்டுநாள் கூட்டமும் நடக்கும். நான் மூணு வருஷத்துல மூணு இடத்துக்குப் போனேன், எது எதுன்னு சொல்லப்போறதில்ல, ஏன்னா கீழ வர்ற சொதப்பல் எல்லாம் என்னோடது, அவங்க மேல பழி விழவேணாம்.

மொத தடவை அப்ஸ்ட்ராக்ட், அதான் பேப்பரோட சுருக்கம், அனுப்பினது 300 வார்த்தை, கூட 50 வார்த்தையில நம்மளைப் பத்தி. அந்த 300 வார்த்தையில 200 வார்த்தைக்கு விக்டோரியா காலத்துல பத்திரிகை வரி எப்ப போச்சு, காகித வரி எப்ப போச்சுன்னு வரலாறு எழுதியிருந்தேன். 1855, 1861, எல்லாம் சரியான வருஷம்தான், ஆனா அதைப் படிக்கிற கமிட்டிக்கு அது தெரியாதா என்ன. நான் என்ன சொல்லப் போறேங்கிறது கடைசி ரெண்டு வரில மூச்சுத் திணறிக்கிட்டு இருந்துச்சு. எப்படியோ எடுத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷம் வேற ஒரு இடத்துக்கு இதே மாதிரி அனுப்பினேன், வேணாம்னுட்டாங்க, அப்பதான் உறைச்சுது.

பேப்பருக்கு இருபது நிமிஷம். இருபது நிமிஷம்னா எத்தனை வார்த்தைன்னு யாரும் எனக்குச் சொல்லல, நானும் கேக்கல, 3,100 வார்த்தை எழுதிட்டேன். ரூம்ல கண்ணாடி முன்னாடி படிச்சுப் பாத்தப்ப 21 நிமிஷம்தான் ஆச்சு, ஏன்னா நான் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி படிச்சேன். அங்க போய் ஸ்லைடை மாத்தி, தண்ணி குடிச்சு, ‘வீடா’வைப் பாத்து ஒரு நொடி தயங்கி, இதுலயே போச்சு நேரம். பேனல் தலைமை வகிச்சவங்க ‘5’னு எழுதின அட்டையைக் காட்டினப்ப நான் பாதியில இருக்கேன். ‘1’ காட்டினப்ப ஏழாம் பக்கம். அப்படியே ஏழு, எட்டு, ஒம்பது மூணு பக்கத்தையும் சேத்துப் புரட்டிட்டு முடிவுரைக்குக் குதிச்சேன். என் வாதமே அந்த மூணு பக்கத்துலதான் இருந்துச்சு! இப்ப நான் 2,200 வார்த்தைக்கு மேல எழுதறதில்ல. தவிர எந்தப் பாராவை விட்டாலும் வாதம் நிக்குமோ அந்தப் பாராவைச் சுத்தி முன்கூட்டியே பச்சை மையில கட்டம் போட்டு வச்சுக்குவேன், ‘5’ காட்டினா பச்சைக் கட்டத்தைத் தாண்டிடலாம்.

இந்தத் துறைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கு, கதைச் சுருக்கம். டிக்கன்ஸ் பத்திப் பேசினா கதை எல்லாருக்கும் தெரியும். நம்ம நாவலை அந்த ரூம்ல நம்மளைத் தவிர யாரும் படிச்சிருக்கவே மாட்டாங்க, இவங்களுக்கு அவங்க நாவல் தெரியாது, அவங்களுக்கு இவங்க நாவல் தெரியாது. அதனால எல்லாரும் கதை சொல்லியே பத்து நிமிஷத்தை ஓட்டிடுவாங்க, பேரப்புள்ள யாரு, உயில் யார்கிட்ட, திருட்டுக் கல்யாணம் எப்ப, கேக்குறவங்களுக்குத் தலை சுத்தும். என் விதி ரெண்டே வாக்கியம். ப்ராடனோட ‘லேடி ஆட்லீஸ் சீக்ரெட்’ எடுத்துக்கங்க: புருஷன் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுத் தங்கம் தோண்ட ஆஸ்திரேலியா போயிடுறான், இவ பேரை மாத்திக்கிட்டு ஒரு வயசான பணக்காரரைக் கட்டிக்கிறா. மொத புருஷன் திரும்பி வந்து நிக்கிறான், இவ அவனைக் கிணத்துல தள்ளிடுறா. போதும், மிச்சத்தைக் கேட்டா சொல்லலாம். ஆனா அங்க ஒரு நல்ல பழக்கம் பாத்தேன், முடிவைச் சொல்றதுக்கு முன்னாடி மன்னிப்பு கேப்பாங்க, ‘இன்னும் படிக்காதவங்க காதைப் பொத்திக்கங்க’ன்னு. 1862ல வந்த நாவலுக்கு! முன்வரிசையில ஒருத்தர் நிஜமாவே காதைப் பொத்திக்கிட்டாரு. எனக்கு அங்கதான் இந்தக் கூட்டத்து மேல ஒரு பாசம் வந்துச்சு, இவங்க இதையெல்லாம் ஆராய்ச்சிக்காக மட்டும் படிக்கல, கதை பிடிச்சுப் படிக்கிறாங்க.

இப்ப அந்த மொத கேள்விக்கு வர்றேன். பேப்பர் முடிஞ்சுது, மூணு பேரும் மேடையில உக்காந்திருக்கோம், நான் மனசுக்குள்ள அல்தூசர், ஃபூக்கோன்னு தத்துவக்காரங்க எல்லாரையும் ஒப்பிச்சுக்கிட்டு இருக்கேன், தியரி கேள்விதான் வரும்னு. முன்வரிசையில ஒரு வயசான அம்மா காலைலேருந்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே இருந்தாங்க, தலையை நிமிர்த்தவே இல்ல, தூங்கறாங்களோன்னுகூட நெனச்சேன். அவங்கதான் கையைத் தூக்கினாங்க. நீ சொன்ன அந்தக் கிணத்துக் காட்சி பத்திரிகையில வந்தப்ப பக்கத்துப் பக்கத்துல என்ன இருந்துச்சு?

அவ்ளோதான் கேள்வி. எனக்கு வாய் உலர்ந்துருச்சு. ஏன்னா நான் தொடர்கதையைப் பத்திப் பேசுறவ, ‘லேடி ஆட்லீஸ் சீக்ரெட்’ 1861ல ‘ராபின் குட்ஃபெல்லோ’ங்கிற பத்திரிகையில ஆரம்பிச்சு, அந்தப் பத்திரிகை சில மாசத்துலயே படுத்து, மறுபடி 1862ல ‘சிக்ஸ்பென்னி மேகசின்’ல வந்துச்சுன்னு தேதியெல்லாம் ஒப்பிச்சவ, ஆனா அந்தப் பத்திரிகைப் பக்கத்தை ஒருதடவைகூடப் பாத்ததில்ல. நான் படிச்சது பேப்பர்பேக். அடிக்கோடு போட்டு அட்டை கிழிஞ்ச பேப்பர்பேக். சமாளிக்கலாம்னு ஒரு நொடி தோணுச்சு, ஆனா அந்த அம்மா ஊசியை நிறுத்திட்டுப் பாத்த பார்வைல பொய் சொல்ல வரல. ‘நான் இன்னும் பாக்கலைங்க, எங்க பாக்கலாம்னு சொல்வீங்களா?’ன்னு கேட்டுட்டேன். அந்தக் கூட்டத்துல நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான். பிரேக்ல அவங்களே வந்து, எந்த லைப்ரரில ஒரிஜினல் இருக்கு, எது டிஜிட்டல்ல கிடைக்கும், பைண்டிங் பண்ணின தொகுதில விளம்பரத் தாளையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் பைண்ட் பண்ணியிருப்பாங்க, அதனால ஒத்தை இதழ் கிடைக்குதான்னு தேடு, இப்படிப் பத்து நிமிஷம் சொல்லிட்டு மறுபடி பின்ன ஆரம்பிச்சுட்டாங்க. என் தீசிஸோட ரெண்டாவது சாப்டர் அந்தப் பத்து நிமிஷத்துலேருந்து வந்தது.

பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, கூடவே எங்க தேடலாம்னு கேளுங்க. யாரும் கேவலமா பாக்க மாட்டாங்க. கேவலமா பாக்குறது வேற ஒரு ஜாதி ஆளை, ‘இது கேள்வி இல்ல, ஒரு கருத்து’ன்னு ஆரம்பிச்சு ஆறு நிமிஷம் தன்னோட புக்கைப் பத்திப் பேசுவாரு, எல்லா கான்ஃபரன்ஸ்லயும் ஒருத்தர் இருப்பாரு, நல்லாப் பாத்து வச்சுக்கங்க, அவரா ஆயிடாதீங்க.

காசு விஷயத்தையும் சொல்லிடறேன், இதை யாரும் பேசறதில்ல. ரிஜிஸ்ட்ரேஷன்ல ஸ்டூடன்ட் ரேட் இருக்கும், சில இடத்துல ஒருநாள் ரேட்டும் உண்டு. பர்சரின்னு ஒரு உதவித்தொகை குடுப்பாங்க, கேக்கக் கூச்சப்படாதீங்க, கேட்டவங்க கம்மியா இருந்ததால எனக்குக் கிடைச்சிருக்கு. பதிலுக்குக் கான்ஃபரன்ஸ் எப்படி நடந்துச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுக்கச் சொல்வாங்க. ஆனா பர்சரி வந்துருச்சுன்னு நிம்மதியா இருக்க முடியாது, பல இடத்துல மொதல்ல நாம கைக்காசு போட்டு, ரசீதெல்லாம் அனுப்பி, வாரக்கணக்கா காத்திருந்தாதான் அக்கவுன்ட்ல ஏறும். மொத வருஷம் ரூம்மேட்கிட்ட கடன் வாங்கித்தான் போனேன். ரயிலுக்கு, வயசு 25 தாண்டிட்டாலும் ஃபுல்டைம் ஸ்டூடன்ட்னா 16-25 ரயில்கார்டு எடுக்கலாம், டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும், இது தெரியாம ரெண்டு வருஷம் முழு டிக்கெட்ல போனவ நான். ஐரோப்பாவுல ஷெங்கன் நாடுகள்ல நடக்கிற கான்ஃபரன்ஸ்னா நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தனியா வேணும், அப்ஸ்ட்ராக்ட் ஏத்துக்கிட்ட அன்னைக்கே அப்பாயின்ட்மென்ட் தேட ஆரம்பிச்சுருங்க. கான்ஃபரன்ஸ் டின்னர் கட்டாயம்லாம் இல்ல. அந்தக் காசுக்கு நான் ரெண்டு பழைய புக் வாங்கிட்டேன். வெஜிடேரியன்னு ஃபார்ம்ல போட்டீங்கன்னா மூணு நாளும் ஹம்முஸ்ங்கிற கொண்டைக்கடலை மசியல் தடவின ரொட்டிதான், பையில முறுக்கு வச்சுக்கங்க. ஒரு தடவை என் முறுக்கைச் சாப்பிட்டுப் பாத்த ஒரு புரொபசர் அடுத்த வருஷம் என்னைப் பேரைச் சொல்லாம ‘அந்த மொறுமொறு வளையம்’னு ஞாபகம் வச்சிருந்தாரு.

அப்புறம் அடாப்டர். என் லேப்டாப்ல பெரிய ஹெச்டிஎம்ஐ ஓட்டை கிடையாது, ரெண்டாவது கான்ஃபரன்ஸ்ல படமே வராம அஞ்சு நிமிஷம் போச்சு, கடைசில படமில்லாம பேசினேன். அடாப்டர் நம்மளோடதா இருக்கணும், ஸ்லைடு பிடிஎஃப்பா பென்டிரைவ்ல இருக்கணும், மெயில்லயும் இருக்கணும்.

அந்த ரெண்டாவது கான்ஃபரன்ஸ் பாக்குறதுக்குப் படுதோல்வி. ஒரே நேரத்துல மூணு பேனல் நடக்கும், நம்ம பேனலுக்குப் போட்டியா பக்கத்து ரூம்ல என்ன போடுவாங்கன்னு நம்ம கையில இல்ல. எனக்குப் போட்டி ட்ராகுலா. ட்ராகுலாவும் ரிச்சர்ட் மார்ஷோட ‘தி பீட்டில்’ம் ரெண்டுமே 1897ல வந்ததுங்க, அப்ப மொதல்ல அமோகமா வித்தது பீட்டில்தான், இன்னைக்கு அதைத் தெரிஞ்சவங்க யாரு? ட்ராகுலா அதை அடிச்ச மாதிரி என்னையும் அடிச்சுட்டாரு. பக்கத்து ரூம்ல உக்கார இடமில்லாம தரையில உக்காந்திருக்காங்க, எங்க ரூம்ல நாலு பேரு. அதுல ஒருத்தர் என்னோட அதே பேனல்ல பேசினவங்களோட கணவர்.

நாலு பேருக்கு எதுக்குப் படிக்கணும்னு இருந்துச்சு. ஆனா நாலு பேரா இருந்ததாலதான் அது பேனலா இல்லாம திண்ணைப் பேச்சா மாறிடுச்சு. நாற்காலியை வட்டமா போட்டுக்கிட்டோம். நான் பேசினது, 1863ல ஹென்றி மேன்சல்ங்கிற மதகுரு ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ல இந்த மாதிரி நாவலையெல்லாம் தாளிச்சு எழுதினாரு, இதெல்லாம் புத்திக்குப் பிரசங்கம் பண்ணாம நரம்புக்குப் பிரசங்கம் பண்ணுதுன்னு, அந்தப் பயம் எங்கேருந்து வந்துச்சுங்கிறதைப் பத்தி. முடிஞ்சதும் அந்த நாலு பேர்ல ஒருத்தர், ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸை வருஷக்கணக்கா படிக்கிறவரு, என்கிட்ட நீங்க எந்த ஊருன்னு கேட்டாரு. சென்னைக்குப் பக்கம்னேன். (வேலூர்னு சொன்னா யாருக்கும் தெரியாது, வெளிநாட்டுல நாம எல்லாருமே சென்னைக்குப் பக்கம்தான்.) அப்ப ரெயினால்ட்ஸ் தமிழ்ல வந்திருக்கணுமே, இந்தியாவுல அவரை அப்படிப் படிச்சிருக்காங்களே, யார் மொழிபெயர்த்தாங்கன்னாரு.

ரெயினால்ட்ஸ் தெரியாதவங்களுக்கு: 1814லேருந்து 1879 வரைக்கும் இருந்தவர், தொழிலாளிங்களுக்கு ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்து ஆளு, 1844லேருந்து ‘மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்’ங்கிற தொடரை வாரம் ஒரு பென்னிக்கு வித்தவரு. பணக்காரங்க பங்களாவையும் சேரியையும் மாத்தி மாத்திக் காட்டி, நடுவுல நடுவுல அரசாங்கத்தைத் திட்டி எழுதுவாரு. இங்கிலாந்து இலக்கிய வரலாறு அவரை ரொம்ப நாளு கண்டுக்கவே இல்ல, ஆனா இந்தியாவுல லைப்ரரி லைப்ரரியா தேடிப் படிச்சாங்க.

என் வாயில சட்டுனு வந்துச்சு: ஆரணி குப்புசாமி முதலியார். அந்தப் பேரு எனக்கு எப்படித் தெரியும்னா எங்க பெரியப்பா வீட்டுப் பரண்ல அந்தப் பேரு போட்ட பழைய புக்கு இருந்துச்சு, சின்ன வயசுல பாத்தது. வேற ஒண்ணும் தெரியாது. அவரு உடனே நோட்டைத் திறந்துட்டாரு, எந்த நாவல், எந்த வருஷம், யார் பதிப்பிச்சதுன்னு கேக்குறாரு, நான் திருதிருன்னு முழிக்கிறேன். ப்ராடனோட பதிப்பாளர் மேக்ஸ்வெல்லுக்கு மொத பொண்டாட்டி மனநல விடுதியில இருந்தது, இவங்க ரெண்டு பேருக்கும் 1874லதான் கல்யாணம் நடந்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. எங்க வீட்டுப் பரண்ல இருக்கிற புக்கைப் பத்திக் கேட்டா ஒரு வரி தெரியல. பாருங்க, மொத வருஷம் பக்கத்துப் பக்கத்துல என்னன்னு கேட்டாங்க, இந்த வருஷம் பரண்ல என்னன்னு கேக்குறாங்க. ரெண்டு தடவையும் நான் மாசக்கணக்குல தயார் பண்ணின விஷயத்துல இல்ல கேள்வி, இது எதுக்குன்னு நான் பாக்காம விட்ட இடத்துல.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாஸ்டல் ரூம்லேருந்து பெரியப்பாவுக்குப் போன் பண்ணேன். அங்க ராத்திரி பத்தரை.

“ஏம்மா, யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல பெரியப்பா. பரண்ல ஆரணி குப்புசாமி முதலியார் புக் இருந்துச்சே, இருக்கா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. “இதுக்கா இந்நேரத்துல போன் பண்ண? அதெல்லாம் செல்லரிச்சுப் போச்சு. எங்கப்பாவே அதைக் கூடத்துல வைக்க விடமாட்டாரு, பொம்பளைப் புள்ளைங்க படிச்சா கெட்டுப்போயிடும்னு பரண்ல போட்டாரு. எங்கம்மா ஏணி போட்டு ஏறிப் படிச்சாங்க.”

நான் அன்னைக்கு மத்தியானம்தான் மேன்சலோட பயத்தைப் பத்தி இருபது நிமிஷம் படிச்சிருக்கேன், ஸ்லைடு இல்லாம, நாலு பேருக்கு. எங்க பாட்டி ஏணி போட்டு ஏறினது எனக்கு 29 வயசுல, ஒரு கான்ஃபரன்ஸ் முடிஞ்ச ராத்திரி தெரியுது.

ரெண்டு நாள் கழிச்சு வாட்ஸாப்ல பதினோரு படம் வந்துச்சு. பெரியப்பா கட்டைவிரல் எல்லாப் படத்துலயும் இருக்கு. அட்டை இல்ல, மொத பதினாறு பக்கம் இல்ல, ஏதோ ஒரு பாகத்தோட நடுத்துண்டு. பழைய எழுத்து, ‘லை’யெல்லாம் கொம்பு சுழிச்ச யானைத் தும்பிக்கை மாதிரி. செல்லு அரிச்ச ஓட்டை ஒரு பக்கத்துலேருந்து அடுத்த பக்கம் வரைக்கும் ஒரே இடத்துல சுரங்கம் மாதிரி போகுது. கதாபாத்திரத்துக்கெல்லாம் நம்மூரு பேரு, ஆனா அவங்க ஏறிப் போறது குதிரை வண்டி, வீட்டுக்குள்ள ரகசியக் கதவு, அந்த ரகசியக் கதவு தமிழ்நாட்டு வீட்டுக் கதவே இல்ல. கதை சூடு பிடிக்கிற இடத்துல எழுத்தாளர் நிறுத்திட்டு வாசிக்கிறவங்களைக் கூப்பிட்டு நீதி சொல்றாரு. ரெயினால்ட்ஸும் இதைத்தான் பண்ணுவாரு, கதவைத் திறக்கிற நேரத்துல ‘வாசகரே’ன்னு கூப்பிட்டு ரெண்டு பாரா திட்டுவாரு, அப்புறம்தான் கதவு திறக்கும். திட்டுறவங்கதான் வேற, இவரு மந்திரியைத் திட்டுவாரு, நம்மாளு கெட்ட சகவாசத்தைத் திட்டுறாரு. அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டே ஒரு பேப்பர் எழுதலாம்னு தோணுச்சு.

அப்புறம் தேட ஆரம்பிச்சேன். குப்புசாமி முதலியார் ‘ஆனந்தபோதினி’ பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தவர், 1925ல காலமானார், ரெயினால்ட்ஸைத் தழுவி தமிழ்ல நாவல் மேல நாவலா குடுத்தவரு. அவருக்குப் பின்னாடி வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இதே வழியில போனாரு. தரமணில இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம், ரெண்டையும் இதைப் படிக்கிறவங்க மறந்துடாதீங்க, விக்டோரியன் ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு லண்டனுக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அங்க ஒருதடவை எட்டிப் பாருங்க. அந்த ரெயினால்ட்ஸ்காரருக்கு மூணாவது நாளே மெயில் போட்டேன், பெரியப்பா கட்டைவிரலோட. மூணு நாளுக்குள்ள போட்டுறணும், ஒரு வாரம் போனா நாம யாருன்னு அவங்களுக்கும் ஞாபகம் இருக்காது, என்ன பேசினோம்னு நமக்கும் இருக்காது. எனக்கு அவரு போட்ட பதில் என் மெயிலைவிட நாலு மடங்கு நீளம்.

சூப்பர்வைசர் மொதல்ல யோசிச்சாங்க, மூணாவது வருஷத்துல புது விஷயமா, தீசிஸ் முடியுமான்னு. நியாயமான பயம்தான். ஒரு சாப்டர் மட்டும், அதுவும் கான்ஃபரன்ஸ் பேப்பரா எழுதிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு ஒத்துக்கிட்டாங்க. கான்ஃபரன்ஸோட பெரிய வசதி இதுதான்னு நெனைக்கிறேன், அரைவேக்காட்டை எடுத்துக்கிட்டுப் போகலாம். முழுசா வெந்ததை எடுத்துக்கிட்டுப் போய் ஒப்பிச்சுட்டு வர்றதுல என்ன இருக்கு, அதை ஜர்னல்ல போடுங்க.

இந்தத் தடவை அப்ஸ்ட்ராக்ட் மொத வரியே பரண்லேருந்து ஆரம்பிச்சேன். பத்திரிகை வரி, காகித வரி ஒண்ணும் கிடையாது. ரெண்டு வாரத்துல ஏத்துக்கிட்டதா மெயில் வந்துச்சு.

போன ஜூலை. வெயில், ஏசி இல்லாத ரூம், எல்லாரும் ப்ரோக்ராமை விசிறியா வீசிக்கிட்டு இருக்காங்க. பேனலுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி தலைமை வகிக்கிற அம்மா காரிடர்ல என்னைத் தேடி வந்தாங்க, கையில பென்சில்.

உங்க எழுத்தாளர் பேரைத் தப்பா சொல்லிடக் கூடாது, சொல்லிக் குடுங்கன்னாங்க. ஆரணி குப்புசாமி முதலியார்னேன். ஆரணிங்கிறதுதானே அவர் பேருன்னாங்க. இல்ல, அது ஊரு, பட்டுப்புடவைக்குப் பேர்போன ஊரு. அப்ப குப்புசாமிதான் பேரா? ஆமா. முதலியார்ங்கிறது குடும்பப் பேரா? நான் கடிகாரத்தைப் பாத்தேன், ஏழு நிமிஷம் இருக்கு. அது ஜாதிப் பேருங்க, அதை விளக்க இன்னொரு பேனல் வேணும்னேன். சிரிச்சுட்டு ப்ரோக்ராம் ஓரத்துல என்னமோ எழுதிக்கிட்டாங்க, குப்பூ, குப்பூன்னு சொல்லிப் பாத்துக்கிட்டே உள்ள போனாங்க. நான் பின்னாடியே போனேன். ரூம்ல முப்பது பேருக்கு மேல இருந்தாங்க, ஸ்வெட்டர் பின்ற அம்மா முன்வரிசையில, இந்தத் தடவை நீல நூலு.

மைக்ல ‘ஆரணி’ மட்டும் தெளிவா வந்துச்சு. மிச்சத்தை அப்படியே முழுங்கிட்டாங்க, திரு. ஆரணின்னே அறிமுகம் பண்ணி முடிச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் ஓயிடா ஓயிடான்னு சொல்லிக்கிட்டு இருந்தவ நான், என்னத்தைத் திருத்தறது? பையிலேருந்து என் அடாப்டரை எடுத்துச் சொருகினேன், பெரியப்பாவோட கட்டைவிரல் திரையில ஆறடி உயரத்துக்கு வந்து நின்னுச்சு.